தர்லோ அம்மாளின் இழுப்பறைகள்

ஸ்டோவர்ஸ் கோவ், மெய்ன்
பிப்ரவரி 1974

அன்பு மகள் ஹெஸ்டருக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அவளுடைய முழங்கால் வலி மட்டும் பனி உருகும்வரை விடாது போலிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அலாஸ்காக் குளிரில் உடல்நலத்துடன் இருப்பதாகவே நம்புகிறேன், மாறாக ஏதேனும் இருந்தால் மறைக்காமல் எழுது.

உன் புது வீட்டுக்காக நான் ஏலத்தில் எடுத்த பழைய மேப்பிள் மர இழுப்பறை அலமாரி ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டிருந்தாய். அது இப்போதைக்கு வராது. காரணத்தைச் சொல்கிறேன், கேட்டபின் நீ எடுக்கும் முடிவுக்கு நான் கட்டுப்படுகிறேன். அதன் ஐந்து இழுப்பறைகளுக்கும் ஐந்து விதமான குமிழ்கள்: பீங்கான், பித்தளை, நூற்கண்டுக் கட்டை, மான்கொம்புத் துண்டு, ஒரு கயிற்று வளையம். ஏலம் விட்டவரே, “இது வாயில ஒவ்வொரு பல்லும் ஒவ்வொருத்தர்கிட்ட இரவல் வாங்கினது” என்று சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்கவைத்தார். நீயும் நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே மாதிரிப் பித்தளையாக மாற்றி அனுப்பும்படி எழுதினாய். மாற்றுவதற்கு முன் அதன் வரலாற்றை உரியவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது என்று தோன்றியதால், முந்தைய உரிமையாளரான லவினியா தர்லோவைப் பார்க்க முதியோர் இல்லத்துக்குப் போனேன். படகுத்துறையில் சிங்கி இறால் விற்றுக்கொண்டு, பேரம் பேசுகிறவர்களை வாயாலேயே கடலில் தள்ளுவாரே, அதே அம்மாள்தான். இப்போது கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டது. நான் வந்த காரியத்தைச் சொல்லி முடிப்பதற்குள், “குமிழ்ல கைவச்சீங்களா வக்கீலய்யா? வச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க, மனசத் தேத்திக்கிறேன்” என்றார். பார்வை மங்கத் தொடங்கியபோது அவரே ஒவ்வொன்றாக மாற்றினாராம். பீங்கான் என்றால் உள்ளாடை, மான்கொம்பு என்றால் கம்பளிச் சட்டை, கை பட்டதுமே தெரிந்துவிடும். வீட்டைக் காலிசெய்து விற்ற அண்ணன் மகனிடம் அதைச் சொல்லிக்கொள்ள அவருக்குக் கூச்சம். இல்லத்தின் இழுப்பறைகளுக்கோ குமிழே கிடையாது, அவற்றில் ஆணி அடிக்கவும் அனுமதியில்லை. சொந்த அலமாரி ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்பது மட்டுமே விதி. ஒருநாள் இரவுச்சட்டையோடு காலைச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். “மேஜை பூரா சிரிச்சுது. நானும் சேந்து சிரிச்சேன், வேற என்ன பண்றது” என்றார். புத்தி தடுமாறுகிறது என்று நினைத்துவிட்டார்கள். வியாழக்கிழமை தலைமைச் செவிலி பார்க்கும்போது தானாக உடுத்திக்கொள்ள முடியாவிட்டால், கதவைப் பூட்டிவைக்கும் மேல்மாடிக்கு அவரை மாற்றிவிடுவார்களாம்.

அலமாரியை உன்னிடம் இன்னும் ஒப்படைக்கவில்லை என்பதால் சட்டப்படி அது என்னுடையதே என்று வாதிட இடமுண்டு. மகளிடம் அப்படி வாதிட எனக்கு விருப்பமில்லை. பனிப்புயலில் உங்கள் ஊர்த் தொலைபேசிக் கம்பி அறுந்திருந்தது. ஆகவே, உரியவளான உன் சம்மதம் பெறாமலேயே அதைக் குமிழ்களோடு அவர் அறைக்கு அனுப்பிவிட்டேன். என் கட்சிக்காரர் எவருக்கும் நான் இப்படி ஆலோசனை சொன்னதில்லை. இனாமாக வாங்கமாட்டேன் என்று அவர் மறுத்தபோது, ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை அவருக்கு, உடைமை உனக்கு என்று விளக்கினேன். “அப்ப நான் எப்பச் சாவேன்னு அலாஸ்காவுல ஒரு பொண்ணு விரல்விட்டு எண்ணிக்கிட்டிருப்பா, அப்படித்தானே?” என்றார். என்னோடு வந்திருந்த உன் அம்மா, “அவ சோம்பேறிங்க, அவ்வளவு தூரமெல்லாம் எண்ணமாட்டா” என்று சொன்ன பிறகுதான் இணங்கினார். வியாழக்கிழமை நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். செவிலி கேட்ட ஒவ்வொன்றையும் தடுமாறாமல் எடுத்து உடுத்திக்கொண்டு, “அடுத்தது உனக்குப் போட்டுவிடணுமா கண்ணு?” என்று அவர் கேட்டது தாழ்வாரம்வரை கேட்டது. கீழ் அறையிலேயேதான் இருக்கிறார்.

நேற்றுப் பார்க்கப் போனபோது அடி இழுப்பறை காலியாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். “அது உங்க பொண்ணோடது. அவ அலமாரியில அவளுக்கு ஒரு எடம் வேணாமா? ஏதாவது அனுப்பச் சொல்லுங்க, பத்திரமா வச்சிருக்கேன்” என்றார்.

உன் கையொப்பத்துக்காக ஒப்புதல் பத்திரம் ஒன்று தயாரித்திருந்தேன். இதனுடன் அதை அனுப்பவில்லை. மனமிருந்தால் உன்னுடைய பொருள் ஒன்றை அனுப்பு, அதையே சம்மதமாக எடுத்துக்கொள்கிறேன். மனமில்லாவிட்டால் அதையும் தயங்காமல் எழுது, உனக்குத் தகுந்த வேறு அலமாரி தேடித் தருவது என் பொறுப்பு. கூரையில் பனி சேரவிடாதீர்கள். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. இருவரும் குறையொன்றும் இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே: அவர் தொட்டுத்தான் உன்னை அறிவார், அதற்கேற்றதாகப் பார்த்து அனுப்பு.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
எவரெட் பிளேஸ்டெல்