இடது காதில் வெட்டு விழுந்த பொம்மை

அக்கா,

மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று இன்று காலை எங்கள் உப்புவெளி ஒழுங்கையில் ஒரு பூவரசைத் தறித்தார்கள். பச்சை மரத்தின் மணம் யன்னலால் வந்ததும் கையிலிருந்த தேத்தண்ணியை வைத்துவிட்டேன். நாம் வேலை செய்த தபால் கந்தோரின் பின்னறையில், மத்தியான இடைவேளைகளில், உங்கள் மடியிலிருந்து எழும்பிய மணம் அது.

நான் சோற்றுப் பார்சலைப் பிரிப்பதற்குள் நீங்கள் சாப்பிட்டு முடித்து, மடக்குக் கத்தியோடு உட்கார்ந்திருப்பீர்கள். பூவரசங் கொப்பைச் சீவிச் சீவி விரல் நீளத்தில் மனிதர்களைச் செய்வீர்கள். துறைமுகத்துக்குள் பெரிய கப்பல் வந்தாலும் நிமிர்ந்து பார்க்கமாட்டீர்கள். "ஆரக்கா இது?" என்று கேட்டால், "ஒருத்தருமில்லை, சும்மா ஒரு ஆள்" என்பீர்கள்.

அப்படிச் செய்த ஒருவனுக்குக் கத்தி வழுக்கி இடது காதில் வெட்டு விழுந்துவிட்டது. எறிய மனமில்லாமல், கவுண்டரில் கடதாசிகள் பறக்காமலிருக்க அவனைப் பாரமாக வைத்தீர்கள்.

காணாமல்போன மகனைப் பற்றி எழுதிய கடிதமொன்றைப் பதிவுத் தபாலில் அனுப்ப, கிளிவெட்டியிலிருந்து அந்த அம்மா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. முத்திரைக்காகக் கையை நீட்டியவர் பொம்மையைக் கண்டு அப்படியே நின்றார்.

"இவன் என்ட மகன்" என்றார், சத்தமில்லாமல். "ஆறு வயசில நாய் கடிச்ச காது. எங்க கண்டனீங்கள்?"

"நான் காணேல்லை அம்மா. அது கத்தி வழுக்கினது."

அவர் நம்பவில்லை. பொம்மையை அவருக்கே கொடுத்தீர்கள். அடுத்த செவ்வாய் அதை மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். "வீட்டில இருக்கமாட்டன் எண்டுறான். எந்தப் பக்கம் வைச்சாலும் காலமை பாத்தால் வாசலைப் பாத்துக்கொண்டு நிக்கிறான். கண்ட இடத்தைச் சொல்லுங்கோ, நான் போய்க் கூட்டிவாறன்."

இப்படி ஆறு செவ்வாய்கள். திங்கட்கிழமையே உங்களுக்குச் சோறு இறங்காமல் போனது. ஆறாவது முறை அவரைப் பார்க்காமலே சொன்னீர்கள்: "சல்லிப் பக்கம், கோயிலடிக் கடற்கரையில கண்டனான். நல்லா இருக்கிறார்."

அவர் போனதும் கேட்டேன். "ஏனக்கா பொய் சொன்னனீங்கள்?"

"எனக்கு இனி ஏலாது" என்றீர்கள். இரண்டு கிழமை நான் உங்களோடு கதைக்கவில்லை. ஒரு தாயைக் கரை கரையாய் அலையவிட்டீர்கள் என்று கோபம்.

அடுத்த மாதம் அவர் வந்தார். கையில் கடிதமில்லை. தலை வாரி, புதுச்சேலை கட்டியிருந்தார். கவுண்டர் இடைவெளிக்குள்ளால் உங்கள் கையைப் பிடித்தார்.

"கண்டனான் பிள்ளை. நீங்கள் சொன்ன இடத்திலதான் நிண்டவன்."

நான்தான் கேட்டேன், பொம்மை எங்கே என்று.

"ஆள் வந்தாப்பிறகு அது என்னத்துக்கு?" என்று சிரித்தார். அதற்குப் பிறகு அவர் கந்தோருக்கு வரவேயில்லை. அதற்குப் பிறகு உங்கள் கையில் கத்தியையும் நான் காணவில்லை.

ஆஸ்பத்திரியில், குரல் தேய்ந்துபோன நேரத்தில்தான் அந்தக் கதையை மறுபடி எடுத்தீர்கள். "பொய் எண்டு நினைச்சுத்தான் அண்டைக்குச் சொன்னனான். இப்ப எனக்குத் தெரியேல்லை. நீர் ஒருக்கால் அவவின்ட வீட்டை போய்ப் பாத்திட்டு வந்து சொல்லுமன்."

"ஓம் அக்கா" என்றேன். நான்காம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

இரண்டு வருஷமாயிற்று. ஒரு தடவை பஸ் ஏறிக் கிண்ணியா வரை போனேன். அங்கேயே இறங்கிவிட்டேன். "கிளிவெட்டி இன்னும் கன தூரம், அக்கா" என்றார் கொண்டக்டர். தலையாட்டிவிட்டு, திரும்பி வரும் பஸ்ஸுக்காக நின்றேன்.

நான் சொன்ன அந்த 'ஓம்' இன்னும் என்னிடம்தான் கிடக்கிறது. அந்த அம்மா செத்துப்போயிருந்தால் தாங்குவேன். புத்தி பேதலித்து இருந்தாலும் தாங்குவேன். கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி, "தம்பி, ஆக்கள் வந்திருக்கினம்" என்று அவர் மகனைக் கூப்பிட்டால், உள்ளேயிருந்து காலடி கேட்கும்வரை அந்த வாசலில் நிற்க என்னால் ஏலாது.