டப்பாவை மாற்றிய வாத்தியார்

புதுச்சேரி,
14-8-1959

அன்புள்ள அப்பாவுக்கு அஞ்சம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் சுகம். அம்மாவின் மூட்டுவலி தேவலையா?

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஒரு சின்னத் தகராறு, பயப்பட வேண்டாம். எண்பது வருடத்துக்கு முன் வுண்ட் என்ற ஜெர்மானியர் மனோதத்துவத்துக்கென்று ஆய்வுக்கூடம் வைத்தாராம். அங்கே சோதனைக்கு உட்காருகிறவர் மனசுக்குள் எழுவதை மட்டும் கவனித்துச் சொல்ல வேண்டுமாம். அதை எங்கள் வாத்தியார் வகுப்பில் செய்து காட்டினார். கண்ணைக் கட்டிவிட்டு ஒவ்வொருத்தியையும் டப்பாவை மோந்து பார்க்கச் சொன்னார். எல்லோருக்கும் ஏலக்காய். என் முறை வந்ததும் கருவாடு! எனக்கென்றே வீட்டிலிருந்து பொட்டலம் கட்டி வந்திருக்கிறார். வகுப்பே சிரித்தது.

“பொருளோட பேரச் சொல்லாத. மனசுல என்னா தோணுதுன்னு மட்டும் சொல்லு” என்றார்.

“கோவந்தான் சார் தோணுது. அந்த ஜெர்மன்காரரும் ஆளப் பாத்துத்தான் டப்பாவ மாத்துனாரா?”

சிரிப்பு நின்றுவிட்டது. “வெளிய போ” என்று கத்தினார். போனேன். பக்கத்தில் உட்காரும் தவளக்குப்பத்து செல்வாம்பாளும் எழுந்து என்னோடு வந்துவிட்டாள்.

நான் மன்னிப்பு எழுதித் தரவேண்டுமாம், இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டாராம். நம் கருவாட்டுப் பிழைப்பை வைத்து ஊர் சிரிக்கப் பண்ணியது அவர், மன்னிப்பு கேட்பது நானா?

கொண்டை ஊசி கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே சடை பின்னிவிட ஆளில்லை, கொண்டைதான் போடுகிறேன். பதிலில் அம்மாவையும் இரண்டு வரி சொல்லச் சொல்லி எழுதுங்கள். தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

நீங்களே சொன்னாலும் மன்னிப்பு எழுதமாட்டேன், அப்பா. தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மகள்,
அஞ்சம்மாள்