நான் மறைத்த அழைப்பு

பலேர்மோ,
சனிக்கிழமை

அன்பு மகள் றெபேக்காவுக்கு,

நானும் அம்மாவும் ஆண்டவர் கிருபையால் சுகம், நீயும் அமெரிக்கக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க ஒவ்வொரு பூசையிலும் மன்றாடுகிறோம். அம்மாவின் முழங்கால் நோ குறைந்திருக்கிறது, பொலிதேயாமாப் பக்கம் நான் வேலை செய்யும் வீட்டுக்காரச் சிஞ்ஞோரா இப்போது கிழமையில் மூன்று நாள்தான் வரச்சொல்கிறா, இங்கே தங்குவதற்கான பெர்மெஸ்ஸோவும் புதுப்பித்தாயிற்று, எங்களைப் பற்றி யோசிக்காதே. நீ அங்கே பந்தாடிப் படித்த கல்லூரியின் இரசிகர்கள் எக்காலத்துக்கும் தங்களுக்குப் பிடித்த உதைபந்தாட்ட வீராங்கனையைத் தெரிவுசெய்கிறார்கள், கடைசி நால்வரில் நீயும் ஒருத்தி என்று எங்களுக்குச் சொன்னது இராசாத்தி அக்காதான். போன ஞாயிறு தமிழ்ப் பூசை முடிய அவ பங்கு மண்டப வாசலை மறித்துக்கொண்டு, ‘எங்கடை பிள்ளைக்கு வோட்டுப் போடாமல் ஒருத்தரும் வெளிக்கிடேலாது’ என்று சொல்லி எல்லாருடைய போனையும் வாங்கி அழுத்தவைத்தா. பிறகு நீ அந்தப் பக்கத்தில் சொல்லியிருந்ததைத் தமிழில் உரத்து வாசித்தா. ‘பதினாறு வயதில் பலேர்மோவில் இருந்தபோது என்னை ஒரு கழகமும் கூப்பிடவில்லை, என் ஆட்டம் காணாது என்று நினைத்தேன், அந்த நினைப்பில்தான் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு ஓடினேன்’ என்று சொல்லியிருக்கிறாய். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குக் கை எழும்பவில்லை.

மகள், உன்னைக் கூப்பிட்டார்கள். உனக்குப் பயிற்சி தந்த எமிலியானா உன்னைக் கத்தானியாவுக்குக் கூட்டிப்போய் விளையாடிக் காட்டவைத்தாவே, அந்தக் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. நீ பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் தபால் பெட்டியைத் திறந்தவன் நான். என் இத்தாலியன் எவ்வளவு என்று உனக்குத் தெரியும், ஆனாலும் உன்னைத் தெரிவுசெய்திருக்கிறார்கள், செப்டெம்பரிலிருந்து அங்கேயே தங்கிப் படித்து விளையாடலாம் என்பது விளங்கியது. பெண்பிள்ளை தனிய வேறு ஊரிலா, சனம் என்ன கதைக்கும் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன், உண்மையில் நீ இல்லாத வீட்டை நினைக்க எனக்குப் பயமாக இருந்தது. பல்லரோச் சந்தைக்குப் போய் மீன் கடைக் கழிவுக்குள் அதைக் கிழித்துப் போட்டேன். மூன்று கிழமை நீ ஒவ்வொரு நாளும் படியிறங்கி ஓடிப் பெட்டியைப் பார்த்தாய். ஒருநாள் ‘அப்பா, எனக்கு ஒண்டும் வரேல்லையோ’ என்று கேட்டாய். இல்லைப் பிள்ளை என்று சொன்னேன். எமிலியானா போன் எடுத்தபோதும் நான்தான் கதைத்தேன், உனக்கு விருப்பமில்லை என்று சொல்லிவிட்டேன். பதினொரு வருடமாகிறது.

அன்று மண்டபத்திலிருந்து வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். மூன்று நாள் அவ தனியப் பூசைக்குப் போய் வந்தா. நாலாம் நாள், ‘பிள்ளைக்கு நீங்களே எழுதுங்கோ, போனிலை அழுது தப்பப் பாக்காதேங்கோ’ என்று மட்டும் சொன்னா. உனக்கு எழுதுவதற்கு முதல் எமிலியானாவிடம் போனேன். அவ இன்னும் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறா. தன்னை வீதியில் கண்டும் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது ஏன் என்று இவ்வளவு காலமும் விளங்கவில்லையாம். நீ அவவின் புகழ்ச்சியெல்லாம் பொய் என்று நினைத்தாய், அவவோ நீ நன்றி இல்லாமல் விட்டுப்போனாய் என்று நினைத்திருக்கிறா. என்னைத் திட்டவில்லை, நாற்காலியில் இருந்து அழுதா.

நேற்று முடிவு வந்தது, நீ முதலாவது. கொட்வின் மாமா வீடு தேடிவந்து ‘பிள்ளையை என்னமாய் வளத்திருக்கிறியள்’ என்று என் கையைப் பிடித்தார். கையை இழுக்கவும் முடியாமல் நின்றேன். அன்று மண்டபத்தில் போனை வீட்டில் விட்டுவந்தேன் என்று இராசாத்தி அக்காவிடம் பொய் சொன்னேன், பிறகும் உனக்கு நான் வாக்குப் போடவில்லை, உன் பெயரைத் தொட எனக்கு முகம் இருக்கவில்லை. நீ இரண்டு மடங்கு ஓடியதால்தான் இந்த நிலைக்கு வந்தாய், அதனால் நான் செய்ததும் நன்மைக்கே என்று என்னை மன்னிக்க வழி தேடாதே. நான் செய்தது பிழைதான்.

நேரத்துக்குச் சாப்பிடு, காலில் அந்தப் பழைய அடி நோகும்போது பேசாமல் இருக்காமல் வைத்தியரிடம் காட்டு. எமிலியானாவின் இலக்கம் கடிதத்தின் பின்பக்கம் இருக்கிறது, மறக்காமல் எடுத்துக் கதை, அவ காத்திருக்கிறா. ஆண்டவர் உன்னை ஆசீர்வதித்து, போகும் வழியெல்லாம் காப்பாராக. ஞாயிறு அம்மா உன்னை அழைக்கும்போது நான் வெளியில் போய் நிற்பேன், நீ அவவோடு ஆறுதலாகக் கதை. எப்போதாவது என்னோடும் கதைக்கலாம் என்று தோன்றினால், அம்மாவிடம் சொல்லு, படியில்தான் நிற்பேன்.

உன் அப்பா,
அருளையா