நாற்காலியில் ஒரு போட்டோ

அன்புள்ள அத்தாவுக்கு, சமீராவோட ஸலாம். முட்டிவலி தேவலையா? நான் நல்லா இருக்கேன். போன்ல பேசினா அம்மா பிடுங்கிக்குவாங்க, அதான் கடிதாசி.

சிங்கப்பூருக்குக் கூலி வேலைக்கு வர்ற நம்மாளுங்களைப் பத்தித்தானே என் ஆராய்ச்சி? நேத்து திண்டிவனத்துக்காரர் ஒருத்தர், சக்கரபாணின்னு பேரு, பேட்டி குடுக்க யுனிவர்சிட்டிக்கு வந்தாரு. கட்டடத்துல கம்பி கட்டற வேலை. நானும் விழுப்புரம் பக்கம்தாண்ணேன்னு சொல்லியும் உக்காரல. நின்னுக்கினே பதில் சொன்னாரு.

கிளம்பறப்போ, "மேடம், உங்க சீட்ல உக்காந்துக்கினு ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா? வீட்ல ஆபீஸ் வேலைன்னு சொல்லி வச்சிருக்கேன்"னாரு. நான்தான் எடுத்துக் குடுத்தேன். சேறு படிஞ்ச பூட்ஸ் தெரியாம இடுப்பு வரைக்கும் போதும்னாரு. போட்டோவைப் பாத்து சிரிச்சுக்கினே போயிட்டாரு. எனக்குத்தான் அதுலேர்ந்து அந்தச் சீட்ல இருப்பு கொள்ளல. எழுந்து எழுந்து நடந்துக்கினு இருக்கேன்.

யாஹ்யா மாமா இங்க வர்றப்போ வறுத்த மல்லாட்டை குடுத்தனுப்புங்க, இங்க விக்கற வேர்க்கடலைல நம்மூரு ருசி இல்ல. கொஞ்சம் கூடவே அனுப்புங்க.

பஸ் வந்துடும், முடிச்சுக்கறேன். நம்ம ஹால்ல மாட்டியிருக்கற உங்க துபாய் ஆபீஸ் போட்டோவும் இடுப்பு வரைக்கும்தான் இருக்கு. அது யாரு சீட்டு அத்தா?

உங்க மக,
சமீரா