நக்கனார் மோர் குடித்த பகல்

திருவும் திறலும் பெருகுக. எழுபது ஏரியும் இரண்டு ஆறும் உடைய வெண்கரை நாட்டுக்குக் குடையாய் நின்று, எல்லைப் பகை மூன்றையும் பணியவைத்து, மாமதிலூர் அரியணையில் வீற்றிருந்தருளும் கோப்பெருமாட்டி ஆழிமாதேவியார் திருமுன்பு, நீதிநாயகர் சரிதம் எழுதும் ஓலைநாயகம், காளவாய்ச்சேரிச் சாத்தன் மகள் வெள்ளச்சி தெண்டனிட்டு விடுக்கும் ஓலை. தேவியார் நலம் வாழ்க. இளவரசியார் நலம் வாழ்க. நாட்டில் பொய்க்காது மழை பெய்க. பெய்த மழை கரை மீறாது ஏரியிலேயே நிற்க.

வாழ்த்து முடிந்தது. இனி வரும் வரிகளில் பணிவு குறைந்திருந்தால், அது மறதியால் நேர்ந்ததன்று.

வரும் வளர்பிறைப் பத்தாம் நாள், கடல்காட்டி ஏரியின் மதகுக் காவலன் கொற்றன் கழுவேற்றப்பட இருக்கிறான். தீர்ப்புச் சொன்னவர் நீதிநாயகர் விழுப்பரையர். அதன்மேல் தேவியாரின் இலச்சினையும் விழுந்தாயிற்று. ஆனால் அந்தத் தீர்ப்பை எழுதியவள் நான். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டேன். எப்படி என்று சொல்கிறேன். தேவியார் பாதியில் ஓலையைக் கட்டி வைத்துவிடாமல் கேட்டருள வேண்டும்.

நீதிநாயகர் ஒருவர் ஓய்வுபெறும் ஆண்டில் ஓலைநாயகம் அவர் மன்றத்தில் எழுத்தாணியோடு அமர்ந்து குறிப்பெடுப்பதும், பிறகு அவர் சரிதத்தை எழுதிப் பேரவையில் வாசிப்பதும், அவை மெச்சினால் அவர் பெயர் கல்லில் ஏறுவதும், நீதிச்சாலை மாணாக்கர் அச்சரிதத்தை மனப்பாடம் செய்வதும் தேவியாருடைய பாட்டனார் காலத்து ஏற்பாடு. இந்தப் பதவி எனக்குக் கிடைத்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு. அரண்மனைச் சுவரில் இருக்கும் சுண்ணாம்பு என் தகப்பன் சுட்டது. அந்தச் சுவருக்கு உள்ளே எங்கள் சேரியிலிருந்து எவரும் அதற்குமுன் வந்ததில்லை. பெருங்கல்விச் சாலையில் பட்டம் பெற்ற முதல் காளவாய்ப் பெண் என்று என்னை யானைமேல் ஏற்றி நான்கு வீதியும் சுற்றவைத்தீர்கள். யானைமேல் உட்கார்ந்திருந்தவளுக்குக் கீழே இறங்கப் பயமாக இருந்தது. நடந்த தவறுக்கெல்லாம் அந்தப் பயமே காரணம். ஆனாலும் அதைச் சாக்காகச் சொல்லவில்லை.

நான் எழுதிய முதல் சரிதம் நக்கனாருடையது. ஓய்வுக்கு இரண்டு மாதம் இருக்கையில் அவர் இறந்துபோனார். நல்ல மனிதர். முப்பது ஆண்டு நீதி சொன்னவர். ஒரு தீர்ப்பிலும் உரத்த குரல் கிடையாது. நான் எழுதியதை வாங்கிப் பார்த்த மந்திரி காடவராயர் சொன்னதைச் சொன்னபடியே தருகிறேன், மெருகிடும் தொழிலை விட்டுவிட்டேன் ஆதலால். “என்னம்மா இது? மன்றத்துக்குப் போனார், வந்தார், செத்தார்னு எழுதி வெச்சிருக்கே. சப்புனு இருக்கு. ஒரு சொட்டுக் கண்ணீராவது வேண்டாமா? இதையா பேரவையில வாசிக்கப் போறே? சுண்ணாம்புக்காரப் பொண்ணுக்கு இவ்வளவுதான் வரும்னு சொல்லிருவாங்க.”

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தாலும் நான் செய்திருப்பேனோ, தெரியாது. அவர் சொன்னார். நான் செய்தேன்.

நக்கனாரின் மைத்துனன் தத்தன், அடுத்த வயலின் எல்லைக்கல்லைப் பிடுங்கி நட்டான் என்று ஒருகாலத்தில் வழக்கு வந்தது. அந்நாளைய மன்றக் குறிப்பில் ஒரே வரி இருக்கிறது: “இன்று நக்கனார் இருக்கையில் அமரவில்லை.” காரணம் எழுதப்படவில்லை. அவர் மனைவியாரைக் கேட்டேன். அந்த அம்மையார், “அன்னிக்கு வெயில் ஏறுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துட்டார். என்னாச்சுன்னேன். ‘நம்ம தத்தன் வழக்குடி. என் வீட்டுச் சோறு தின்னவனுக்கு நான் எப்படி நியாயம் சொல்றது? வேற ஆளைப் பாக்கச் சொல்லிட்டேன்’னார். ஒரு செம்பு மோர் குடிச்சிட்டுத் தூங்கிட்டார்,” என்றார். வழக்கை வேறொரு நீதிநாயகர் கேட்டு, கல்லைப் பழைய இடத்தில் நட்டுக்கொடு என்று சொல்லித் தத்தனை அனுப்பிவிட்டார். கதை அவ்வளவுதான்.

அந்த மோரை நான் எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, நக்கனார் இருக்கையிலேயே அமர்ந்து, மைத்துனனை ஏறிட்டு நோக்கி, “நீதிக்குத் தாயுமில்லை, தமக்கையுமில்லை” என்று முழங்கி, அவனை நாடுகடத்தி, மேலாடையால் கண்ணைத் துடைத்தார் என்று எழுதினேன். தத்தன் அதற்குள் கடல் கடந்து வணிகத்துக்குப் போயிருந்தான், வழக்கைக் கேட்ட நீதிநாயகரும் உயிரோடில்லை, மறுக்க ஆளில்லை. பேரவை எழுந்து நின்றது. தேவியாரும் கண்கலங்கினீர்கள், நான் பார்த்தேன். நக்கனார் மனைவியார் மட்டும் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அழகா இருந்துச்சும்மா. ஆனா அது அவர் இல்லை,” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது எனக்கு அந்த அம்மையார்மேல் கோபம்கூட வந்தது.

மறு ஆண்டு, ஓய்வுபெற இருந்த ஒரு நீதிநாயகர் தம் தங்கை மகனின் கட்டைவிரலை வாங்கினார். அதற்கடுத்து வந்தவர் பெற்ற மகளை நாடுகடத்தினார். எழுதினேன், அவை மெச்சியது, கல்லில் பெயர் ஏறியது. நாடு திருந்துகிறது என்றே நான் நினைத்தேன். படித்தவள் என்று பெயர், இதுகூட உறைக்கவில்லை. பழைய மன்றக் குறிப்புகளைக் கொற்றனுக்குத் தீர்ப்பான பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். முன்பெல்லாம் உறவினர் வழக்கு வந்தால் நீதிநாயகர்கள் இருக்கையைவிட்டு இறங்குவது ஆண்டுக்குப் பத்துமுறையாவது நடந்திருக்கிறது. என் சரிதம் வாசிக்கப்பட்ட பிறகு, இந்த ஐந்து ஆண்டுகளில், ஒருவர்கூட இறங்கவில்லை. இறங்குவது கோழைத்தனம் என்று மாணாக்கர் படிக்கிறார்கள். என் ஓலையில் படிக்கிறார்கள்.

இனிக் கொற்றனுக்கு வருகிறேன். ஐப்பசிப் பெருமழையில் கடல்காட்டி ஏரிக்கரை கசிந்தது. மதகைத் திறக்கக் கோட்டையிலிருந்து ஆணை வரவேண்டும். ஆணை கொண்டுவருபவன் வெள்ளத்துக்கு அக்கரையில் நின்றான். கொற்றன் தானே மூழ்கித் திறந்துவிட்டான். கோயில் நிலத்துக் கதிர் மூழ்கியது. கரை நின்றது, பதினெட்டு ஊர் நின்றது, ஓர் ஆடுகூடச் சாகவில்லை. ஆணையின்றித் திறந்தால் வழக்கமாக ஒரு கோடை முழுவதும் ஏரியில் தூர்வாரும் வேலை தருவார்கள். கழுவேற்றவும் சட்டத்தில் இடம் உண்டு. என் அறிவுக்கு எட்டியவரை யாரும் அதைத் தொட்டதில்லை.

விழுப்பரையர் இவ்வாண்டு ஓய்வுபெறுபவர் ஆதலால் மன்றத்தில் நான் இருந்தேன். விழுப்பரையர் சலிப்போடு தூர்வாரல் என்றே வாயெடுத்தார். எழுத்தருக்குக் கைகூடக் காட்டிவிட்டார். அப்போது கொற்றன், ஏதோ சந்தையில் கூப்பிடுவதுபோல, “என்ன சாமி, என்னை யாருன்னு தெரியலையா? எங்கம்மாகிட்ட ஒரு பக்கம் நீங்க குடிச்சீங்க, மறுபக்கம் நான் குடிச்சேன்,” என்றான். மன்றமே சிரித்தது. கொற்றனின் தாய்தான் விழுப்பரையருக்குப் பாலூட்டிய செவிலி. அது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. நான் நிமிர்ந்தேன். அதுவரை குறிக்க ஒன்றுமில்லாமல் மடியில் கிடந்த எழுத்தாணியைக் கையில் எடுத்தேன்.

விழுப்பரையர் கொற்றனைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். பிறகு என் சரிதத்து வாசகத்தை ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னார். கழுவேற்றத் தீர்ப்பு அதன் பின்னே வந்தது. மேலாடையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொற்றன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அவனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

அன்று மாலையே விழுப்பரையர் என்னை வீட்டுக்கு அழைத்தார். “எல்லாம் குறிச்சுக்கிட்டியா? நக்கனாருக்கு வெறும் மைத்துனன். எனக்குப் பால் உடன்பிறந்தவன். எது பெரிசு, நீயே சொல்லு,” என்றார். நான், நக்கனார் அப்படி எதுவும் செய்யவில்லை, இருக்கையைவிட்டு இறங்கி வீட்டுக்குப் போய் மோர் குடித்தார், மற்றதெல்லாம் நான் கட்டியது என்று சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது. “இப்ப வந்து சொல்றியே பாவி,” என்றார். அதன்பிறகு, “சபையில சொன்ன சொல்லை எப்படித் திரும்ப எடுக்கிறது? பயந்துட்டான்னு சொல்லுவாங்க. போ, வெளியில வாயைத் திறக்காதே,” என்றார். அவர் கெட்டவர் அல்லர் என்று இப்போதும் எழுதுவேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கனக்காது.

மந்திரி காடவராயரிடம் போனேன். அவர் என்மேல் கோபப்படவில்லை. மெதுவாகவே பேசினார். “உங்க சேரியிலிருந்து இப்ப பதினோரு பொண்ணு சாலையில படிக்குது. முதல்ல வந்தவ பொய்யின்னு தெரிஞ்சா, மத்ததுங்களை உட்கார விடுவாங்களா? ஒரு மதகுக்காரனுக்காகப் பதினோரு பேர் வயித்துல அடிக்கப் போறியா? யோசி தாயி.” யோசித்தேன். நான்கு நாள் யோசித்தேன். அந்த நான்கு நாளும் கொற்றனுடையவை. அவற்றை நான் தின்றேன்.

ஐந்தாம் நாள் கொற்றனின் மனைவி ஆண்டிச்சி என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “நீதானே அங்க உட்கார்ந்து எழுதின பொண்ணு? எழுதினதை அழிக்க முடியாதா?” என்றாள். ஓலையில் கீறியது போகாது என்றேன். “அப்ப எதுக்குடி எழுதுற?” என்றாள். ஏழு ஆண்டு படித்தேன், ஐந்து ஆண்டு எழுதினேன். இதற்கு விடை தேவியாரிடம் இருந்தால் அவளுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

பதினோரு பெண்களுக்கும் நானே போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். இருவர் அழுதார்கள். ஒருத்தி, “எங்களையும் சேர்த்துக் கெடுத்துட்டீங்களே அக்கா,” என்றாள். அவள் சொன்னது சரி. அவர்களை விரட்டுவதா வைத்துக்கொள்வதா என்பது தேவியார் கையில் இருக்கிறது. பொய் எழுதியவள் ஒருத்திதான் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

நம்பிக்கை உண்டா என்று கேட்டால், இல்லை. தீர்ப்பில் இலச்சினை இட்ட கையே அதை எடுக்கவேண்டும்; கண்கலங்கிக் கேட்ட சரிதத்தைப் பொய் என்று தாங்களே சொல்லவேண்டும். எந்த அரசும் அப்படிச் செய்து நான் படித்ததில்லை. படித்ததையும் யார் எப்படி எழுதி வைத்தார்களோ.

என்றாலும் ஓலைநாயகத்துக்குத் தங்கள் பாட்டனார் ஓர் ஆணை உரிமையைத் தந்திருக்கிறார். சரிதத்துக்குச் சாட்சி சொல்ல ஓலைநாயகம் அழைத்தவனை, சாட்சி முடியும்வரை எவரும் தொடலாகாது. அந்த உரிமையை நான் எடுத்துக்கொண்டேன். விழுப்பரையரின் குழந்தைப் பருவத்துக்குச் சாட்சியாகக் கொற்றனை அழைத்திருக்கிறேன். மூன்று நாளாகச் சிறைவாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். காவலர் தலைவன் சட்டத்தை இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “சரி, எவ்வளவு நேரம்தான் பேசிருவான்?” என்று சிரித்தான்.

அவன் சிரித்ததில் தவறில்லை. பாலுடன்பிறந்த இருவரும் நான்கு வயதில் பிரிந்தார்கள். கொற்றனுக்குத் தெரிந்தது கொஞ்சம். குழந்தை விழுப்பரையர் தவளைக்குப் பயப்படுவார். மண் தின்பார். கொற்றனின் காதைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவார். “இன்னிக்கும் இந்தக் காது கொஞ்சம் நீட்டமா இருக்கும், பாரு,” என்று காட்டினான். இதையெல்லாம் எழுத ஒன்றரை ஓலை போதுமாயிற்று. நேற்று உச்சிவெயிலுக்குள் நினைவில் இருந்ததையெல்லாம் சொல்லிவிட்டான்.

“நீயா ஏதாவது சேத்துக்கோ தாயி, எனக்கு ஒண்ணும் ஆட்சேபமில்லை,” என்கிறான். சேர்க்க எனக்கு நன்றாக வரும். நூறு நாளுக்குச் சேர்ப்பேன். ஆனால் இந்தச் சாட்சியில் ஒரு பொய் கலந்தால், நக்கனாரைப் பற்றிச் சொன்ன உண்மையையும் எவரும் நம்பமாட்டார்கள். அப்போது இவனோடு முடியாது, இனி வரும் ஒவ்வொரு மைத்துனனுக்கும் மகளுக்கும் அதே கழுதான். ஆகையால் சேர்க்கவில்லை. அவனை உயிரோடு வைக்க எனக்குத் தெரிந்த ஒரே தொழிலை, அவன் கண்முன்னே, செய்யாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகவே ஆணை. மாமதிலூர்ச் சிறைக்காவலரும் கழுவேற்றுவோரும் அறிக: சாட்சி முடிந்தது என்று ஓலைநாயகம் இலச்சினை வைக்கும்வரை மதகுக் காவலன் கொற்றனை எவரும் தொடலாகாது. நீதிச்சாலையோர் அறிக: நக்கனார் சரிதத்தின் ஆறாம் ஓலை பொய், அதை இன்றே கட்டிலிருந்து உருவி, “நக்கனார் இருக்கையைவிட்டு இறங்கினார்” என்ற ஒரு வரியை அங்கே சேர்க்க. தேவியாருக்கு ஆணையிட நான் ஆளில்லை. தங்கள் இலச்சினையைத் தாங்களே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று காலில் விழுகிறேன். சடங்குத் தெண்டன் தவிர, இதுவரை யார் காலிலும் விழுந்ததில்லை.

இவ்வோலை சிறைவாசலில், வளர்பிறை எட்டாம் நாள் பகலில் எழுதியது. கீறியது என் கை. வைத்தது தாங்கள் தந்த இலச்சினை. கொற்றன் எதிரே உட்கார்ந்து, வேறு ஏதாவது நினைவு வருகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறான். நான் “அப்புறம்?” என்று கேட்கிறேன். அவன் யோசித்துக்கொண்டிருக்கும்வரை சாட்சி முடியவில்லை. இது பொய்யன்று.