கோப்பையைத் தூக்கிய பிறகு

கெல்சென்கிர்ச்சன், மார்கழி 2004

அண்ணை,

நேரில் சொன்னால் சிரிப்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் வேலை செய்யும் அருங்காட்சியகத்தில் ஒரு பழைய படம் இருக்கிறது. ஜெர்மனி அந்தக் காலத்தில் குத்தகைக்கு எடுத்த சீனக் கரையின் ஜெர்மன் ஆளுநரும், பக்கத்து மாகாணத்துச் சீன அதிகாரியும் தேநீர் மேசையில் இருக்கிறார்கள். விருந்தினர் இருந்தது போதும் என்றால் சீன அதிகாரி வாயால் சொல்வதில்லை. தன் கோப்பையைத் தூக்குவார். வந்தவர் எழும்பிவிட வேண்டும். படத்தில் கோப்பை உயர்ந்திருக்கிறது. ஆளுநர் நன்றாகச் சாய்ந்திருக்கிறார்.

"வேற வீடு கிடைக்கும் வரைக்கும்தான், தங்கச்சி" என்று நீங்கள் சேலையும் பேரீச்சம்பழமுமாக என் வீட்டுக்கு வந்தீர்கள். பிறகு பெரிய அறை உங்களுடையதாயிற்று. என் சிநேகிதிகள் வருவது நின்றது. நேற்று வேலையால் வீட்டுக்கு வந்தால், வாசல் மணிக்குப் பக்கத்தில் என் பெயர் இல்லை, உங்கள் பெயர் இருந்தது. கேட்டேன். "ஆரின்ர பேர் இருந்தால் என்ன, தேத்தண்ணியைப் போடு" என்றீர்கள்.

போட்டேன். உங்கள் முன்னால் இருந்து என் கோப்பையைத் தூக்கினேன். நீங்கள் சீனி காணாது என்றீர்கள்.

உங்கள் பெட்டியைப் படிக்கட்டில் வைத்து, இந்தக் கடிதத்தை அதன்மேல் வைக்கிறேன். கதவுப் பூட்டை மாற்றியாயிற்று. மணிப் பலகையை நான் தொடவில்லை. உங்கள் பெயரை நீங்களே கழற்றிக்கொண்டு போங்கோ.

இந்த வீட்டுக்குச் சொந்தக்காரி,
உங்கள் தங்கச்சி