ஜெனியாவின் வைக்கோல் தொப்பி

ஹெரான் ஏரி கேம்ப்,
ஒன்பதாம் நம்பர் இடம்,
ஆகஸ்ட் 14.

அன்பு மச்சான் தாராஸுக்கு, அத்தான் ஒஸ்டாப் ஏரிக்கரையிலிருந்து சொல்லி எழுதுவித்தது.

நான் சுகம். உன் முழங்காலும் உன் வீட்டுக்காரி லிடியாவின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். எழுத்து ஹாரியட்டுடையது. கேம்ப் வாசலில் ஐஸும் விறகும் விற்பாளே, அவளேதான். உன் அக்காள் ஜெனியா இருந்தவரை என் கடிதமெல்லாம் அவள் கையால் வந்தது. என் வசவுகளில் பாதியை அவள் விழுங்கிவிடுவாள். ஹாரியட் சொன்னதைச் சொன்னபடி எழுதுவதாகச் சத்தியம் செய்திருக்கிறாள். அதனால் இது வடிகட்டாமல் வரும், பொறுத்துக்கொள்.

போன கோடையில் நான் இங்கே வரவில்லை. மனம் வரவில்லை. இந்த வருஷம் கோதுமை கதிர் விட்டதும் கட்டில் போட்ட டிரெய்லரைப் பிக்கப் வண்டியில் மாட்டிக்கொண்டு தனியாகவே கிளம்பிவிட்டேன். வழியில் ஒரு ராத்திரி டன்வெல் ஊர் கேம்பில் தங்கினேன். தானியக் கிடங்குக்குப் பக்கத்தில் டிரெய்லருக்குக் கரண்ட் எடுக்க நான்கே நான்கு கம்பங்கள் உள்ள இடம், உனக்கு நினைவிருக்கும். ரயில் காதுக்குள்ளேயே போனது. நன்றாகத் தூங்கினேன்.

இங்கே வந்து சேர்ந்த கதையைக் கேள். ஒன்பதாம் இடத்துக்குள் டிரெய்லரைப் பின்னால் தள்ள வேண்டும். வழக்கம்போல எல்லோரும் காப்பிக் கோப்பையோடு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். இங்கே அதைவிடப் பெரிய சினிமா ஏது! பின்னால் நின்று கைகாட்ட எனக்கு ஆள் இல்லை. பதினோராம் இடத்து கிளிஃபோர்டு என்ற புது ஆள் ஓடி வந்தான். நல்ல மனுஷன். ஆனால் எனக்குத் தெரிந்தது ஜெனியாவின் சைகை மட்டும்தான். வலது இடுப்பில் கை வைத்தால் வலது, இடது இடுப்பில் வைத்தால் இடது. தலையில் தொப்பி இருந்தால் வா, கழற்றினால் நில். நாற்பத்தோரு வருஷம் வேறு சைகை நான் பார்த்ததில்லை.

கிளிஃபோர்டு கொசு விரட்டத் தொப்பியைக் கழற்றினான், நான் நின்றேன். மாட்டினான், நகர்ந்தேன். வேர்வை துடைக்கக் கழற்றினான், மறுபடி நின்றேன். "என்னங்க பெரியவரே, வண்டிக்கு விக்கலா?" என்று ஒருவன் கேட்டான். "விடுப்பா, அவரு டான்ஸ் பழகுறாரு" என்றாள் இன்னொருத்தி. இப்படியே அரை மணி நேரம். கடைசியில் அவன் இரண்டு கையையும் ஆட்டி "நில்லுங்க, நில்லுங்க!" என்று கத்தினான். தொப்பிதான் தலையில் இருக்கிறதே என்று நான் பாட்டுக்கு வந்துவிட்டேன். தண்ணீர்க் குழாய் உடைந்து, டிரெய்லர் கூரைக்கு மேல் பீய்ச்சி அடித்தது. குழந்தைகளுக்கு அன்றைக்குக் குளியல் இலவசம். கேம்ப் முழுக்கக் கைதட்டியது. நானும் இறங்கி நின்று சிரித்தேன், மச்சான். அவள் போனபிறகு அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதிலிருந்து எனக்கு ஒரு குறையும் இல்லை. கிளிஃபோர்டே குழாயைச் சரிசெய்து கொடுத்தான். விடிந்தால் நாரைகள், பொழுது சாய்ந்தால் பெலிக்கன்கள். ஏரியில் மீன் நன்றாகக் கடிக்கிறது. வெள்ளிக்கிழமை ஊர்க் கூடத்தில் பெரோகிக் கொழுக்கட்டை விருந்து. வெங்காயம் வதக்கிப் போட்டு, புளித்த கிரீம் விட்டு, பன்னிரண்டு தின்றேன். மாவு மட்டும் கொஞ்சம் தடிப்பு. "ஜெனியா உருட்டுற மாதிரி வருமாய்யா?" என்று சமைத்தவளே கேட்டாள். வராது என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

இனி சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். ஹாரியட், இதை நிதானமாக எழுது.

அடக்கம் நடந்த அன்று கல்லறை வாசலில் நீ என்ன சொன்னாய் என்பது ஒரு சொல் குறையாமல் எனக்கு நினைவிருக்கிறது. "தொண்ணூறு கிலோமீட்டர்ல ஆஸ்பத்திரி. உங்க ஏரி ஆசைக்கு எங்கக்காவை அங்க கொண்டுபோய் சாகடிச்சிட்டீங்க அத்தான்." நீ உன் டிரெய்லரை விற்றாய், ரெஜைனா நகரத்தில் மாடி வீட்டுக்குப் போனாய், போனை எடுப்பதில்லை. உன் மேல் கோபம் இல்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், அந்த ஜூன் செவ்வாய்க்கிழமை, டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, இதயம் தளர்ந்துவிட்டது, பெரிய ஆஸ்பத்திரியில் படுத்தால் இரண்டு மாதம் மூன்று மாதம் தள்ளலாம் என்றார். கிளினிக்கிலிருந்து நேரே அங்கே போகத்தான் கிளம்பினோம். அவள் பெட்டி பின்சீட்டில் இருந்தது. பழைய பள்ளிக்கூட முக்கில் இடது பக்கம் போனால் நகரம், வலது பக்கம் வீடு, அதைத் தாண்டி ஏரி. நான் இடது விளக்கைப் போட்டேன். அவள் என் கையைப் பிடித்து, "வலப்பக்கம் திருப்புங்க" என்றாள். மூன்று தடவை வேண்டாம் என்றேன். "கட்டில்ல கெடந்து மேல்கூரைய எண்ணச் சொல்றீங்களா? தாராஸுக்கு மட்டும் சொல்லிடாதீங்க. அவன் வந்து என்னைத் தூக்கிட்டுப் போயிடுவான். அவன் அழுதா நானும் கூடவே போயிடுவேன்" என்றாள். வலப்பக்கம் திருப்பினேன். வீட்டுக்கு வந்து டிரெய்லரை மாட்டினோம். பதினோரு நாள் இங்கே இருந்தாள். வந்த அன்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொப்பியைப் போட்டுக்கொண்டு எனக்குக் கைகாட்டினாள். ஒரே தடவையில் வண்டி உள்ளே போனது.

சொல்லக் கூடாது என்று வாக்குக் கேட்டாள், கொடுத்தேன். இப்போது மீறிவிட்டேன். மேலே போய் அவளிடம் திட்டு வாங்கிக்கொள்கிறேன். உன் கோபத்தை அவள் பார்த்திருந்தால் அவளே சொல்லச் சொல்லியிருப்பாள் என்று தோன்றுகிறது.

இன்னொரு சேதி. கண் டாக்டர் என் இடது கண்ணுக்குக் கை விரித்துவிட்டார். இந்தக் கோடையோடு டிரெய்லர் இழுப்பதை நிறுத்தச் சொல்கிறார். பகலில் மெதுவாக வீடு போய்ச் சேர இந்த ஒரு தடவை விட்டிருக்கிறார். செப்டம்பர் முதல் திங்கட்கிழமை கேம்பில் தண்ணீரை அடைத்துவிடுவார்கள். அன்றைக்கு நான் கிளம்ப வேண்டும். இங்கிருந்து வெளியே போவது சுலபம். வீட்டில், களஞ்சியத்துக்கும் ஸ்ப்ரூஸ் மரங்களுக்கும் நடுவில் பின்னால் தள்ளி நுழைக்க வேண்டுமே, பக்கத்துக்கு ஒரு சாண்கூட மிச்சம் இல்லாத இடம். ஜெனியாவின் கை முறிந்த வருஷம் அவள் தொப்பியை மாட்டிக்கொண்டு நீதான் நின்றாய். அந்தச் சைகை தெரிந்தவர்களில் இப்போது நீ ஒருவன்தான் மிச்சம்.

உன் பழைய பத்தாம் இடம் காலியாக இருக்கிறது. அதில் உன் பச்சை நாற்காலியைப் போட்டுவிட்டேன். நாற்காலி கிடக்கும் இடத்தில் யாரும் வண்டியை விடுவதில்லை. அது உனக்குத் தெரியாதா? உன்னிடம் டிரெய்லர் இல்லாவிட்டால் என்ன, என்னுடையதில் இரண்டு கட்டில் இருக்கிறது. லிடியாவையும் கூட்டிக்கொண்டு வா. வந்து என்னைத் திட்ட வேண்டுமானால் ஏரிக்கரையில் நின்று திட்டு. கேட்டுக்கொள்கிறேன்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் நோய்நொடி இல்லாமல் காக்கட்டும். அவள் தொப்பி டிரெய்லர் கதவுக்குப் பின்னால், அதே ஆணியில் தொங்குகிறது. ஒருவருக்கும் கொடுக்கவில்லை. நீ அதைப் போட்டுக்கொண்டு நின்றால் வருவேன் மச்சான். கழற்றினால் நிற்பேன்.

உன் அத்தான்,
ஒஸ்டாப்